கண்ணாடிக்குள் எரிந்த காடு

காட்டுப் பள்ளியில் இரண்டு மாயக் கண்ணாடிகள் இருந்தன. கண்ணில் மாட்டிக்கொண்டால் சுடாத தீ ஒன்று கண்முன் பரவும். ஆளுக்கொரு வேடமும் கிடைக்கும்.

அன்று குட்டியானை வேழனுக்கு முயல் வேடம். அவன் தோழி செவ்வி என்ற முயலுக்கு யானை வேடம். தீயைக் கண்டதும் வேழன் பயந்துபோய்ப் புதருக்குள் ஒடுங்கினான். தலைக்குமேல் ஒரு பெரிய பாதம் இறங்கியது.

"செவ்வி, மிதிச்சிடாதே, கீழே நான் இருக்கேன்" என்று அலறிக் கண்ணாடியைக் கழற்றினான்.

செவ்வியும் கழற்றினாள். "அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தா நீ இருக்கிறதே தெரியலடா" என்றாள்.

மறுபடி மாட்டிக்கொண்டு, இருவரும் சேர்ந்து தப்பும்வரை ஆடினார்கள்.

கோடையில் நிஜமாகவே காடு பற்றிக்கொண்டது. கூட்டத்தோடு ஓடிய வேழன் சட்டென்று திரும்பினான். பயந்துபோன முயல் எங்கே ஒடுங்கும் என்று அவனுக்குத் தெரியும். புகைக்குள் ஒவ்வொரு புதராகத் துதிக்கையால் விலக்கிப் பார்த்தான். எதிலும் செவ்வி இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

"வேழா, இங்கே பாரு."

யானையின் கண்ணுக்கு நேராக, ஒரு பாறையின் உச்சியில் நின்றிருந்தாள் செவ்வி.

"புதர்ல இருந்தா உனக்குத் தெரியமாட்டேனே" என்று சொல்லி அவன் முதுகில் தாவினாள்.