அந்தப் பக்கத்துப் பூ

அன்று சுவரடியில் இருந்தவர்கள்: ஷாத்லி, அவர் மனைவி தலெந்தா, செடி விற்கும் புராவி, வண்டி இழுக்கும் அவனுடைய கழுதை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஹனியா; துணி உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெயிலே படாத சுவர் இது ஹாஜி. ஐவிக் கொடி வைங்க. நிழல்ல நல்லா வரும்" என்றான் புராவி.

ஷாத்லிக்கும் அதுதான் ஆசை. ஓய்வு பெற்றதிலிருந்து சாயங்காலத் தேநீரை அந்த மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் குடிக்கிறார்.

"எனக்கு ஜாதிமல்லிதான் வேணும்" என்றாள் தலெந்தா.

"அக்கா, அது வெயிலைத் தேடி ஓடும். வேர் உங்களுக்கு, பூவெல்லாம் அடுத்த வீட்டுக்கு."

"தெரியும். இறக்கி வை."

"தெரிஞ்சுமா?" என்றார் ஷாத்லி.

"நாப்பது வருஷமா உங்க பேச்சைத்தானே கேட்டேன். ஒரு செடியாவது என் இஷ்டத்துக்கு வைக்கிறேனே!"

கழுதைகூடத் தலையை ஆட்டியது.

மறு கோடையில் கொடி சுவர் உச்சியைத் தொட்டது. புராவி சொன்னபடியே அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஷாத்லி விடவில்லை. காலையில் ஒவ்வொரு கொப்பாக இழுத்து, கம்பியில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு வருவார். மதியத் தூக்கம் முடிந்து வந்து பார்த்தால் முடிச்செல்லாம் அவிழ்ந்து, கொப்புகள் சுவருக்கு அப்பால் தொங்கும்.

காற்றுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. அப்படியானால் ஹனியாதான்.

காரணமும் இருந்தது. ஹனியாவின் பிழைப்பே மல்லி மொட்டுதான். மொட்டுகளைப் புல் ஈர்க்கில் கோத்து மஷ்மூம் கட்டி, ரயில் நிலைய வாசலில் விற்பாள். ஆண்கள் வாங்கிக் காதில் செருகிக்கொள்வார்கள். அவள் வீட்டுக் கொடி பட்டுப்போன பிறகு பூத்தட்டு பாதிகூட நிறைவதில்லை. வீட்டை விட்டுவிட்டு ஸ்ஃபாக்ஸ் நகரில் இருக்கும் மகளோடு போய்விடப் போகிறாள் என்று பேச்சு. உதவி என்று யாராவது ஒரு படி கோதுமை கொடுத்தால்கூட, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள்.

'தானமாகத்தான் வாங்க மாட்டாள், திருடலாம் போல' என்று நினைத்துக்கொண்டார் ஷாத்லி. பொறுக்க முடியாமல் சுவரோரம் போனார்.

"ஹனியா! என் கொடியை யாரோ இழுக்கறாங்க."

"உங்க கொடிக்கு என் வீடுதான் புடிச்சிருக்குபோல அண்ணே. நான் கைகூட வைக்கல. பூத்து வாடித் தொங்குது, வந்து பாருங்க. அடுத்தவங்க பூ எனக்கு எதுக்கு?"

ஷாத்லி நம்பவில்லை.

மறுநாள் மதியம் அவர் தூங்கவில்லை. ஜன்னல் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். கால் மாற்றி மாற்றி நின்றார். கையும் களவுமாகப் பிடித்து, தெருவையே கூட்டிவிட வேண்டும்.

முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சத்தம் வந்தது இந்தப் பக்கமிருந்து.

தலெந்தா! முக்காலிமேல் ஏறி, சணல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். துடைப்பக் கட்டையால் கொப்புகளை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு தெரு அதிரக் கத்தினாள்.

"அடியே ஹனியா! உன் பக்கம் பூ வாடி வாடி என் சுவரெல்லாம் கறை! மொட்டிலேயே பறிச்சுத் தொலையேன்!"

"உன் வீட்டு வேலைக்காரியாடி நான்?"

"சுவரைத் தாண்டினது உன் பாடு! நானா ஏறி வந்து பறிக்க முடியும்? தினம் பறிக்கல, சண்டைக்கு வந்துடுவேன்!"

அந்தப் பக்கம் தட்டு ஒன்றை எடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி சரி, பறிக்கிறேன். கத்தாதே. உன் கறைக்காகத்தான்!"

தலெந்தா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே அடுத்த முடிச்சைக் கடித்தாள். முக்காலி ஆடியது. ஷாத்லி ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த கொப்பைத் தள்ளினாள்.

சாயங்காலம் தேநீரோடு உட்கார்ந்து தம் பக்கத்து மொட்டுகளை எண்ணினார். மூன்று.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எழுந்துபோய் ஒரு கொப்பை அந்தப் பக்கம் தள்ளினார்.

மிச்சம், ஒரு மொட்டு.