பத்தொன்பதாம் தேதி வரை

“ஊருக்கு எப்போ திரும்பறீங்க?”

சுகாதார நிலைய ஜன்னலுக்குப் பின்னாலிருந்த நெவென்கா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

“இன்னிக்கு. முள்ளைப் பிடுங்கின அடுத்த நிமிஷம்,” என்றான் ராதிம், ஒற்றைக் காலில் நின்றபடி.

மற்றக் காலின் குதியில், கடற்பாறையில் ஒட்டிக் கிடக்கும் கடல் முள்ளெலியின் கறுப்பு முட்கள் பதினேழு. இரண்டு நாள் கரையில் நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு, மனைவி கெஞ்சினாளே என்று இன்று காலைதான் கடலில் இறங்கினான். முதல் அடியிலேயே மிதித்துவிட்டான்.

யித்கா பக்கத்தில் நின்றாள். தலைமுடி இன்னும் ஈரம். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளுக்கு இதுதான் முதல் கடல். செக் நாட்டின் மொராவியாவிலிருந்து இந்தக் குரோவாத்தியக் கடற்கரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் காரில் வந்திருந்தார்கள்.

“அட்டையைக் கொடுத்தாச்சு இல்ல? எங்க ஊர்க் காப்பீடு இங்கயும் செல்லும். உங்க ஆளுக்கு என்ன பண்ணுவீங்களோ அதை எனக்கும் பண்ணணும்.”

“செல்லும் சார். தற்காலிகமா தங்கறவங்களுக்கு. நீங்க தங்கலையே, கிளம்பறீங்களே?”

“கிளம்பற வரைக்கும் தங்கிட்டுத்தானே இருக்கேன்?”

“எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?”

“பதினோரு மணிக்கு.”

நெவென்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இப்போ பத்தே முக்கால். கால் மணி நேரம்தான் தங்கறீங்க. கால் மணி நேரம் பொறுத்துக்க முடியாதா?”

அவன் செக் மொழியில் கத்தினான், அவள் குரோவாத்திய மொழியில் பதில் சொன்னாள். பாதிதான் ஒருவருக்கொருவர் புரிந்தது. மீதிக்குக் கோபமே போதுமானதாக இருந்தது.

“அப்படி என்ன அவசரம்?” நெவென்கா யித்காவிடம் திரும்பினாள். “எங்க கடல் பிடிக்கலையா?”

“எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள் யித்கா மெதுவாக. “எங்க ஊர்ல மழை பெஞ்சிருக்கு.”

“ஐயோ, வெள்ளமா?”

“காளான்.”

“பக்கத்து வீட்டு யாரோஸ்லாவ் நேத்து போன் பண்ணினான்!” ராதிமுக்கு வலி மறந்துபோயிற்று. “காட்டுல கால் வைக்க இடமில்லையாம். கூடை பத்தாம அவன் பொண்டாட்டி பாவாடையில அள்ளிட்டு வந்தாளாம். நான் இங்க உப்புத் தண்ணில ஊறிக்கிட்டுக் கிடக்கேன்.”

“நீங்க எங்கே ஊறினீங்க? ஒரு அடி வெச்சதுக்கே பதினேழு முள்ளு,” என்றாள் நெவென்கா. மறுபடி யித்காவைப் பார்த்தாள். “நீங்க?”

“நான் தினம் இறங்கறேன். இன்னிக்குக் காலையில மிதக்கக் கத்துக்கிட்டேன்.” சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தொரு வயதில் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயமா இது? “மல்லாந்து படுத்தா காது தண்ணிக்குள்ள போயிடுது. ஒரு சத்தமும் கேக்கலை.”

நெவென்கா இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

“சட்டம் இதுதான் சார். வந்தவங்க பாதியில ஊருக்கு ஓட வேண்டாம்னுதான் இந்த அட்டையே. ஓடறவருக்கு உங்க ஊர் டாக்டர். தங்கறவருக்கு எங்க டாக்டர்.”

“பன்னிரண்டு மணி நேரம் இந்தக் காலாலயா பிரேக் மிதிப்பேன்?”

“வேணும்னா நான் ஓட்டறேன், ராதிம்,” என்றாள் யித்கா. கால் அவ்வளவு வீங்கியிருந்தது.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா!” நெவென்கா அதட்டினாள்.

யித்காவின் முகம் சிவந்துபோயிற்று. வலியில் துடிக்கிற மனுஷனிடம் சட்டம் பேசுகிறாள். இவளுக்கெல்லாம் யார் ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்தார்கள்?

“சரி, தங்கறேன்னு எழுதுங்க,” என்றான் ராதிம்.

“எதுவரைக்கும்?”

“நாளைக்கு வரைக்கும்.”

“நாளைக்கு வரைக்கும்னா ரெண்டு முள்ளுதான் எடுப்பாங்க.”

“பதினேழையும் எடுக்க?”

“அறை எதுவரைக்கும் பேசியிருக்கீங்க?”

“பத்தொன்பதாம் தேதி.”

“அதேதான். பத்தொன்பது. இங்க ஒரு கையெழுத்து. நடுவுல கிளம்பினா பொய்க் கையெழுத்துன்னு ஆயிடும், பார்த்துக்குங்க.”

ராதிம் ஊரில் தபால்காரன். இருபது வருடமாக வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறவன். ஒருவரையும் அவன் படித்துப் பார்க்க விட்டதில்லை. அவனும் படிக்கவில்லை. போட்டுவிட்டு, “காளானெல்லாம் புழு வெச்சிடும்,” என்று முனகிக்கொண்டே நொண்டி நொண்டி உள்ளே போனான்.

கதவு சாத்திக்கொண்டது. முதல் முள்ளுக்கான அலறல் கேட்டது.

யித்கா ஜன்னலோரம் தயங்கி நின்றாள். இந்தப் பொம்பளையிடம் இன்னொன்று கேட்பதற்கே பிடிக்கவில்லை. ஆனாலும் எட்டு நாள். எட்டு நாள் காலை, எட்டு நாள் கடல்.

“அந்தத் தாளுக்கு ஒரு நகல் கிடைக்குமா? நாளைக்கே அவர் மனசு மாறினா எடுத்துக் காட்டணும்.”

“அதுக்கு நகல் எடுக்க முடியாதும்மா.”

“ஏன்? அது இல்லாம வைத்தியம் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அட்டையை வாங்கின உடனே டாக்டரைக் கூப்பிட்டுட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.”

“அப்போ அவர் கையெழுத்துப் போட்டது?”

நெவென்கா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

“எங்க காண்டீன் தாள். பத்தொன்பதாம் தேதி வரைக்கும் தினம் மத்தியானம் உங்க வீட்டுக்காரருக்கு ஒரு மீன் சூப்.”