முப்பத்தாறு சாண்ட்விச்

ஃப்ரீசருக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

மேல் வரிசை வைத்தது வைத்தபடி இருந்தது. அதற்கடியில் ஒன்றுமில்லை. இரண்டு ஐஸ் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றின் மேல் பொட்டலங்களை ஏற்றி, நிறைந்திருப்பதுபோலக் காட்டியிருந்தான் கணவன்.

எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு சாண்ட்விச் செய்திருந்தாள். அவனுக்கொன்று, அவளுக்கொன்று, பள்ளிக்குப் போகும் மகளுக்கொன்று என்று இரண்டு வாரத்துக்கு.

இன்று புதன்கிழமை.

சனிக்கிழமை கடை சாத்தும் நேரத்துக்குப் போனால்தான் ரொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். அதற்காகக் கால் கடுக்க நின்றிருந்தாள். மறுநாள் கோழியை வேகவைத்து, ஆறவிட்டு, நார் நாராகப் பிய்த்து, மிளகுத்தூள் போட்டுப் பிசைந்தாள். வெண்ணெயை ரொட்டியின் ஓரம் வரைக்கும் தடவ வேண்டும். ஓரத்தை விட்டால் ஈரம் இறங்கி நொசநொசத்துப் போகும். தக்காளி, வெள்ளரி கூடாது. முட்டை கூடவே கூடாது, உறைந்தால் ரப்பர்தான். இதெல்லாம் இரண்டு ஞாயிறுகளைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டது.

ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்து, அடுக்கி முடித்தபோது அவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

காலையில் எடுத்து வைத்தால் மதியத்துக்குள் தானாக இளகிவிடும். விடிந்ததும் அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். வெளியில் வாங்கித் தின்னும் செலவும் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

காலிப் பையோடு சமையலறை வாசலுக்கு வந்த கணவன், அவளைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"எங்கே போச்சு எல்லாம்?"

அவன் பிடரியைச் சொறிந்தான். "அங்க பத்துப் பேரு உக்காந்திருக்கோம். நான் மட்டும் பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்னா தொண்டையில எறங்குமா?"

சட்டைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கி இது ஐந்தாவது வாரம். கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டி, பகல் முழுக்க அதன் கீழ் உட்கார்ந்திருந்தார்கள்.

"அதுக்கு நான் ஊருக்கே ஆக்கிக் கொட்டணுமா? ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்தா வாய் நோகுமா? ஐஸ் தட்டை முட்டுக் கொடுத்து வச்சிருக்கீங்க, களவாணி மாதிரி."

அவன் முதுகுக்குப் பின்னால் பையைக் கசக்கினான். அது அவளை இன்னும் கிளப்பியது.

"யாரு செஞ்சதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

"சோடாபுட்டி கேட்டா. ரொம்ப நல்லா இருக்குன்னா."

சோடாபுட்டி என்பது காலர் தைக்கும் பெண். கண்ணாடி அவ்வளவு தடிமன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "எங்க அக்கா குடுத்து விட்டான்னு சொன்னேன்."

அவன் அக்கா வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். கோபம் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. திரும்பி, ஃப்ரீசரிலிருந்து பத்துப் பொட்டலங்களை எடுத்து, ஒவ்வொன்றாக அவன் பைக்குள் எறிந்தாள். கல் விழுவதுபோல விழுந்தன. அவன் தலை நிமிராமல் பையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவ்வளவுதான் மிச்சம். நாளைக்கு எல்லாரும் காத்தைத் தின்போம்."

அவன் முதலில் கிளம்பினான். இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான்.

மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, அவள் பின்தெரு வழியாக நடந்தாள். மருந்துக்கடைக்குப் பின்னால் வேன் நின்றிருந்தது. அதில் கம்பெனியின் பெயர் எழுதியிருக்காது. ஜன்னல்களுக்குத் திரை போட்டிருப்பார்கள். உள்ளே ஏற்கெனவே நான்கு பெண்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

பெரிய சாலையில் திரும்பி, அதே சட்டைத் தொழிற்சாலையின் கேட்டை நெருங்கும்போது வேன் வேகத்தைக் குறைத்தது.

மூன்றாவது வாரம், மளிகை டப்பாக்களில் கரண்டி அடி தட்டியபோது, கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது. ஒருவராவது வேலைக்குப் போக வேண்டும். நீ உள்ளே போ என்று சொன்னது அவன்தான். அன்றிலிருந்து அவளோடு தனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது என்று தார்ப்பாயின் கீழ் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

வேனின் பக்கவாட்டில் கைகள் விழத் தொடங்கின. தகரம் அதிர்ந்தது.

திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மதில் மேல், வெயில் படுகிற இடமாகப் பார்த்து, பொட்டலங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அதன் முன்னால் சோடாபுட்டி. ஆறு வருடம் இவளுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்தவள். கழுத்து நரம்பு புடைக்க, "துரோகிங்களா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் நின்று கணவனும் கத்தினான். மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே அவன் குரல் கேட்டது.

பக்கத்து இருக்கைப் பெண் குனிந்து, "உங்க வீட்டுக்காரர்தானே அது?" என்றாள்.

"ஆமா," என்றாள் அவள். "காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டாரு."