வடக்கு முனையை அளக்கப் போன நத்தை

ஆற்று நடுவே இருந்த மணல்திட்டுக்கு வரைபடம் போடும் பொறுப்பு ஆமையிடம் வந்தது. முட்டையிட வரும் ஆலாப் பறவைகளுக்கு வெள்ளம் ஏறாத இடத்தைக் காட்ட வேண்டும். பௌர்ணமிக்குள் முடித்தாக வேண்டும். தெற்கை நாரைக்கும் வடக்கை நத்தைக்கும் ஆமை பிரித்துக் கொடுத்தது.

நாரை ஒரே காலையில் அளந்து முடித்துவிட்டது. நத்தை போனது போனதுதான். பனிமூட்டத்துக்குள் அதன் வெள்ளிக்கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

பௌர்ணமியன்று ஆலாக்கள் வந்து இறங்கின.

"வடக்கும் மேடுதான்னு போட்டுடுங்க. பறக்கும்போது பார்த்தேனே" என்றது நாரை.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோசித்தது. "அளக்காத இடத்தை எப்படிப் போடறது?" என்று சொல்லி, வரைபடம் போட்ட இலையில் வடக்கை வெறுமையாகவே விட்டுவிட்டது. ஆலாக்கள் முணுமுணுத்தபடி தெற்கிலேயே நெருக்கியடித்து முட்டையிட்டன.

மூன்றாம் நாள் விடியலில் ஆறு சத்தமில்லாமல் பெருகியது. வடக்கு முனை கனவு கலைவதுபோல் கரைந்துபோனது. தெற்கில் ஒரு முட்டைகூட நனையவில்லை. ஆனாலும் ஆமைக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. நத்தையை அங்கே அனுப்பியது அதுதானே!

மதியம் ஓர் அரசிலை மிதந்து வந்து கரை ஒதுங்கியது. அதன்மேல் நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

"முழுசா அளந்துட்டேங்க. கடைசிக் கோட்டைப் போடும்போது மண்ணே போயிடுச்சு. அடியில யாரோ மூச்சு விடற மாதிரி இருந்துச்சு. இனிமே அந்த அளவு எதுக்குங்க?"

ஆமை புதிய இலை ஒன்றை எடுத்து விரித்தது.

"அந்த இடத்தை நடந்து பார்த்தது நீ மட்டும்தாம்ப்பா. மெதுவாச் சொல்லு, வரைஞ்சுக்கறேன்."