வாக்கை வாங்கும் சடங்கு

“பெத்த மகன் இருந்தும் கொள்ளி வைக்க வராத வீடு இந்தப் பக்கம் உண்டா, ஐயா?”

கேட்டுவிட்டு ஐஸ்வர்யா செல்போனில் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினாள். சென்னையில் மானிடவியல் ஆராய்ச்சி மாணவி. தெற்கத்திச் சாவுச் சடங்குகள் அவள் தலைப்பு. கோவில்பட்டியில் நுழைந்த வீட்டிலெல்லாம், “ஏட்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல கேக்குற கேள்வியா இது?” என்று விரட்டினார்கள். விரட்டாமல் இருப்பார்களா? வன்னியபெருமாள் மட்டும் அவளுடைய பேராசிரியர் யாரென்று விசாரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று ஊரார் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்தி ஓய்ந்தவர். அத்தனை பெரிய வீட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது ஒரே ஒரு தட்டு. பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை.

“உண்டு தாயி. இங்கன ஒரு அப்பன், ‘ஆபீஸைப் பாக்காம மனுசனைப் பத்திப் படிக்கப் போறியோலே? போனா, எனக்குக் கொள்ளி வைக்கக்கூட வராத’ன்னுட்டான். மகனும் ரோசக்காரன். வரவே இல்ல.”

“அப்போ கொள்ளி யாரு வைப்பாங்க?”

“அதுக்கு ஒரு சடங்கு இருக்கு. சொன்ன வாக்கை அப்பனே திருப்பி வாங்கிக்கிடலாம்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது ஐஸ்வர்யாவுக்கு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சடங்கு!

“செஞ்சு காட்டுறீங்களா, ஐயா?”

அவர் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வடக்கே பார்த்து நின்றார்.

“ஏலே ஐயா, கோவத்துல சொன்னதுலே அது. அந்த வாக்கை வாங்கிட்டேன். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புனவனுக்கு நெருப்பு வைக்க நாதியில்லன்னு ஆயிரப்படாது. வந்துரு.”

தண்ணீரைத் தரையில் விட்டார். ஈரக் கையைத் துடைக்காமல் வடக்கையே பார்த்து நின்றார். மனுஷர் என்னமாய் நடிக்கிறார் என்று அவள் வியந்தாள்.

“இதை ஒங்க சார் கேப்பாரா?”

“முதல்ல அவர்தான் கேப்பார்.”

“ஒரு சொல்லுகூட வெட்டாம அனுப்பு, தாயி.”

பேருந்து நிலையத்துக்கு வந்ததும் அனுப்பினாள். சற்று நேரத்தில் பேராசிரியர் கார்த்திகேசன் அழைத்தார்.

“சார், இந்தச் சடங்கைத் தனி அத்தியாயமாவே எழுதலாமா?”

மறுமுனையில் அந்தப் பதிவு மறுபடியும் ஓடுவது கேட்டது.

“அப்படி ஒரு சடங்கு எந்த ஊர்லயும் கிடையாது, ஐஸ்வர்யா.”

எப்போதும் பாதி ஆங்கிலம் கலந்து பேசுகிறவர், சட்டென்று ஊர்ப்பேச்சுக்கு மாறினார்.

“நீ திரும்பவும் அந்த வீட்டுக்குப் போ, தாயி. எங்க அப்பாட்ட சொல்லு, ராத்திரி ரயிலுக்கு நான் வாரேன்னு.”