முனகப் பழகிய காவல்காரன்

ஒரு சிறுமியின் குடலில் கொக்கிப்புழு ஒன்று வந்து குடியேறியது. அவள் ரத்தத்தில் காவல் பார்த்த வெள்ளணு அதைக் கண்டதும் கத்தித்தான் பார்த்தது.

"எதுக்கு அண்ணே கூச்சல்? நீங்க கத்தினா பிள்ளைக்குத்தான் வயிறு வலிக்கும்," என்றது புழு.

வெள்ளணுவுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து எதற்கும் முனகுவதோடு நிறுத்திக்கொண்டது. தங்கமான காவல்காரர் என்று புழு வாயாரப் புகழ்ந்தது.

ஒருநாள் தோள் வழியாகத் தடுப்பூசி மருந்து இறங்கி வந்து, ஒரு கிருமியின் முகத்தைக் காட்டியது.

"நல்லாப் பாத்து வச்சுக்க. இவன் வந்தா நீ ஊரைக் கூட்டணும். எங்கே, ஒரு தடவை கத்து பாப்போம்."

வெள்ளணு தொண்டையைச் செருமிக்கொண்டு புழுவைப் பார்த்தது.

"பிள்ளைக்கு வலிக்கும் அண்ணே," என்றது புழு.

வெள்ளணு முனகியது. "இது பத்தாதுப்பா," என்று சொல்லியபடியே மருந்து கரைந்துபோனது.

மழைக்காலத்தில் அந்தக் கிருமி வந்தது. வெள்ளணுவுக்கு முகம் நன்றாகவே நினைவிருந்தது. கத்த வாயைத் திறந்தது. முனகல்தான் வந்தது. மற்றக் காவல்காரர்கள் யார் காதிலும் அது விழவில்லை.

சிறுமியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிட்டது.

புழு நடுங்கிக்கொண்டே கேட்டது: "என்ன காவல்காரர் அண்ணே நீங்க? கொஞ்சம் சத்தமாக் கத்தியிருக்கக் கூடாதா?"