இங்க் காய்ந்துவிடும்!

"அப்பா, சொன்னா கேளுங்க. அது உங்களுக்குச் சரிப்பட்டு வராது!"

மகளின் குரல் உயர்ந்ததும், எதிர்ப்பக்கம் டி.வி. விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அசையவில்லை. கை அந்த இங்க் பிரிண்டரின் மேலேயே இருந்தது.

வீட்டிலேயே போட்டோ பிரிண்ட் போட ஒரு மெஷின் வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. செல்போனில் பேரனின் முகம் கடுகளவுதான் தெரிகிறதாம். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், லீவுக்கு வந்த இடத்தில் அவரைக் கடைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

விற்பனையாளர் பொறுமைசாலி. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"சார், இந்தச் சின்ன மெஷின் ரிப்பன்ல பிரிண்ட் போடறது. ஆறு மாசம் சும்மா கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க பிடிச்சிருக்கறது இங்க் ஊத்தறது. வாரம் ஒரு போட்டோவாவது போட்டே ஆகணும். இல்லேன்னா இங்க் காய்ஞ்சு அடைச்சுக்கும். நீங்க எத்தனை போட்டோ போடுவீங்க?"

"நான் அனுப்பறதைத்தான் போடுவார்," மகள் முந்திக்கொண்டாள். "வேலைக்கு நடுவுல எனக்கு எங்க நேரம்? வருஷத்துக்கு நாலோ அஞ்சோ அனுப்புவேன்."

"அப்ப ரிப்பன்தான் மேடம். விலையும் கம்மி."

கம்மி என்றதும் மகளின் முகம் மலர்ந்தது. டூத் பேஸ்ட் ட்யூபைக் கத்தரியால் வெட்டி வழித்தெடுக்கிற ரகம் அவள்.

"எனக்கு இதுதான் வேணும்," என்றார் அப்பா.

"முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தீங்களே. எந்த மெஷின் உழைக்கும், எது படுத்துக்கும்னு உங்களுக்கா தெரியாது?"

"தெரியுமே."

"அப்புறம் என்ன?"

"இதுல கலர் பளிச்சுனு இருக்கு."

விற்பனையாளர் இரண்டு மாதிரிப் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதானே சார் இருக்கு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்ட பிறகு படத்தைப் பார்க்கவேயில்லை.

மகளுக்கு அலுத்துவிட்டது. ஆனால் அவரை வெறுங்கையோடு கூட்டிப்போகவும் மனம் வரவில்லை.

"சரி, வாங்கித் தொலைக்கறேன். ஆனா இவ்வளவு காசு போட்டு வாங்கிட்டுக் காயவிட்டா எனக்கு வயிறு எரியும். ஞாயித்துக்கிழமை தவறாம பையனைப் போட்டோ எடுத்து அனுப்பிடறேன். அன்னிக்கே பிரிண்ட் போடணும். போட்டீங்களான்னு ராத்திரி நானே போன் பண்ணிக் கேப்பேன். புரிஞ்சுதா?"

"சரிம்மா," என்றார் அப்பா, நல்ல பிள்ளையாக.

மகள் பில் போடப் போனாள். விற்பனையாளருக்கு மனசு கேட்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். நல்ல மெஷினை விட்டுட்டு ஏன் இந்தத் தொல்லையை விலைக்கு வாங்கறீங்க?"

அப்பா கவுன்டர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பனுக்குப் போன் பண்ண மறந்தாலும் மறப்பா தம்பி... காசு போட்டு வாங்கின மெஷினைக் காயவிட மாட்டா!"